விழித்தெழும் இன்னொருவர்

அபாயமான விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு வாக்கியத்தில் வந்து நின்றுவிடுகிறது. ‘என் உயிர், என் விருப்பம்.’ பனிச்சறுக்குக்காரர்கள் சொல்கிறார்கள், மலையேறுகிறவர்கள் சொல்கிறார்கள், இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடல்மேல் பறக்கும் கைட்சர்ஃபிங் ஆட்களும் சொல்கிறார்கள். சொல்லும் தொனியில் முரட்டுத்தனம் இருப்பதில்லை; நெடுநாள் யோசித்து வந்துசேர்ந்த முடிவைப் போல அமைதியாகவே சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு எதிரில் இருப்பவருக்குப் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை. எனக்கும் மிஞ்சியதில்லை. பிறர் வாழ்க்கையை அளந்து வேலி போடும் அதிகாரம் எனக்கு வேண்டாம். ஆபத்தை முற்றிலும் துடைத்தெடுத்த வாழ்க்கையில் வாழ்வதற்கு என்ன இருக்கும் என்ற கேள்வியும் எனக்கு உண்டு. இருந்தும் அந்த வாக்கியம் மனதுக்குள் சரியாகப் படியவில்லை. அதன் நியாயத்தில் எங்கோ ஒரு விரிசல் இருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. அரைக் கிலோ எடைகூட இல்லாத ஹெல்மெட் என்ற சின்னப் பொருளை வைத்து யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த விரிசல் கொஞ்சம் கண்ணுக்குத் தட்டுப்பட்டது. அதுவும் முழுதாகத் தெரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ராமேஸ்வரம் தீவில் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் எழும்போது தனுஷ்கோடிச் சாலையில் நிற்க முடியாது. மணல் கெண்டைக்காலில் ஊசி ஊசியாக ஏறும். பேசுகிறவரின் வாய்ச்சொல்லைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். மார்கழி, தையில் வாடை மறுபக்கத்திலிருந்து வரும். வலையையும் வள்ளத்தையும் கரையேற்றிக் கட்டிவைக்கச் சொல்லும் இந்தக் காற்றுக்காகவே இப்போது பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும்கூட, சிலர் பட்டத்தோடு இங்கே வருகிறார்கள். இருபது, இருபத்துநான்கு மீட்டர் நீளமுள்ள கயிறுகளின் அந்த முனையில் ஒன்பதோ பன்னிரண்டோ சதுர மீட்டர் துணி. இந்த முனையில் ஒரு மனிதர். நடுவில் கையில் பிடிக்கும் ஒரு கம்பு. பட்டம் நேர் உச்சியில் நிற்கும்வரை சாதுவாக இருக்கிறது. காற்றின் நெஞ்சுக்குள் இறக்கிவிட்டதும் ஆளைத் தூக்குகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குக்கூட அது உடம்பில் நிகழும் விதம் தெரியாது. மேகம் ஒன்று கடந்துபோகும் நேரத்தில் பதினைந்து நாட் வேகக் காற்று முப்பதாகிவிட்டால், அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அதன் பிறகு ஓட்டப்படுகிறவர். மோசமான விபத்துகள் நடுக்கடலில் நடப்பதில்லை என்று இந்த விளையாட்டில் ஊறியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பட்டத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும், கரையில், அல்லது முழங்கால் ஆழத்தில் நடக்கின்றன. கரையில் படகு இருக்கிறது, நங்கூரம் இருக்கிறது, சிமெண்ட் கட்டை இருக்கிறது, நிறுத்திவைத்த ஜீப் இருக்கிறது. ஆழமில்லாத தண்ணீர் புதியவருக்குத் தைரியம் தருகிறது. விழும் தலைக்கு அது தண்ணீரே இல்லை.

ஹெல்மெட் அணியாதவர்கள் சொல்லும் காரணங்களைச் சோம்பலுக்குச் சாக்கு என்று ஒதுக்க முடியாது. வேகமாக விழும்போது விளிம்பில் தண்ணீர் புகுந்து தலையைப் பின்னுக்கு இழுக்கிறது, கழுத்து நொடிக்கிறது என்கிறார்கள். அளவு சரியில்லாத, இந்த வேலைக்கென்று செய்யப்படாத ஹெல்மெட்டில் அது உண்மை. காதை மூடினால் காற்று தெரிவதில்லை என்கிறார்கள். இதை நான் மதிக்கிறேன். காற்றை இவர்கள் கண்ணால் பார்ப்பதைவிடக் காதாலும் கழுத்துத் தோலாலும்தான் அறிகிறார்கள். அது மாறும் கணத்தை முதலில் சொல்வது காதுமடல். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொரு வாதமும் இருக்கிறது, அதுதான் கனமானது: எங்கள் ஆபத்து தலையில் இல்லை, பட்டத்தை விடமுடியாமல் போவதில் இருக்கிறது. வரலாறு இதற்குச் சாட்சி சொல்லும். பிரான்ஸின் பிரித்தானிக் கடற்கரைக்காரர்களான புரூனோ, தொமினிக் லெகெய்ன்யூ சகோதரர்கள், விளிம்பில் காற்றடைத்த பட்டத்துக்கு 1984ல் காப்புரிமை கோரினார்கள். தண்ணீரில் விழுந்த பட்டம் மூழ்காமல் மறுபடி எழவேண்டும் என்பதே அவர்கள் கவலை. தொண்ணூறுகளின் இறுதியில் ஹவாயின் மாவி தீவில் இது ஒரு விளையாட்டாகப் பரவியபோதும், எழுவதற்குத்தான் வழி இருந்தது; அவிழ்வதற்கு நல்ல வழி இருக்கவில்லை. 2002ல் ஜெர்மனியின் ஃபேமர்ன் தீவில் ஒரு போட்டியின்போது ஸில்கே கோர்ல்ட் என்ற இளம் வீராங்கனை இறந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில், ஒரே தள்ளலில் பட்டத்தின் இழுவையை அறுத்துவிடும் விடுவிப்பு அமைப்பு மெல்ல மெல்ல எல்லாப் பட்டங்களிலும் வந்தது. பலகையைக் காலோடு கட்டும் வார் ரப்பர்போல் நீண்டு, அறைந்து திரும்பி, பலகையை ஓட்டியின் பின்மண்டையிலேயே கொண்டுவந்து சேர்ப்பதைக் கண்டு அதையும் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். ஆக, கற்றுக்கொள்ளாதவர்கள் என்று இவர்களை யாரும் குறைசொல்ல முடியாது. தங்கள் இறந்தவர்களிடமிருந்து இவர்கள் கற்றிருக்கிறார்கள். இடுப்புப் பட்டைக்கும் கயிற்றுக்கும் கொக்கிக்கும் நெஞ்சு அங்கிக்கும் கற்றது தலைக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்பதே என் கேள்வி.

‘என் உயிர், என் விருப்பம்’ என்பதற்கே திரும்ப வருகிறேன். அந்த வாக்கியம் பந்தயத்தில் வைக்கப்படுவது உயிர் என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்று திரும்பி வருவேன், அல்லது வரமாட்டேன். வராவிட்டால் விருப்பப்பட்டவரும் இல்லை, விலை கொடுக்கிறவரும் இல்லை; கணக்கு அதோடு முடிந்தது. சாவை இப்படி நேராகப் பார்க்கிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தலையில் விழும் அடி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கொடுப்பதில்லை. மூன்றாவதாக ஒன்றைக் கொடுக்கிறது. ஆள் பிழைக்கிறார். கண் திறக்கிறார். திறந்த கண்ணுக்குப் பின்னால் இருப்பவர், காலையில் காற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடலுக்குப் போனவர்தானா என்று அவருடைய மனைவிக்கும் அம்மாவுக்கும் உறுதியாகச் சொல்லத் தெரிவதில்லை. நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப்பகுதியில் பட்ட அடி பொறுமையை எடுத்துவிடலாம். பொட்டின் பக்கத்து அடி பெயர்களை எடுத்துவிடலாம். சாப்பாட்டின் ருசியும் மழையின் வாசனையும் போய்விடலாம், ஏனென்றால் மணத்தைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் மண்டையோட்டின் சல்லடைத் துளைகளில் சட்டென்று அறுந்துபோகக்கூடியவை. விருப்பப்பட்டவர் ஒருவர், அந்த விருப்பத்தின் விலையை முப்பது, நாற்பது ஆண்டுகள் கட்டிக்கொண்டிருப்பவர் வேறொருவர். அந்த இரண்டாமவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அவர் அப்போது பிறந்திருக்கவில்லை. நான் தேடிய விரிசல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். என் எலும்பை நான் பணயம் வைக்கலாம். உடைந்த எலும்போடு எழுந்துவருகிறவன் நான்தான். தலையைப் பணயம் வைக்கும்போது நான் பணயம் வைப்பது, பணயம் வைக்கும் என்னையே.

நரி கான்ட்ராக்டரை நினைத்துக்கொள்கிறேன். 1962 மார்ச்சில், பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் மைதானத்தில், இந்திய கிரிக்கெட் அணித்தலைவராக இருபத்தெட்டு வயதில் சார்லி கிரிஃபித்தின் பந்தைத் தலையில் வாங்கினார். மண்டையோடு உடைந்தது. எதிரணியின் தலைவரான ஃபிராங்க் வோரல் ரத்தம் கொடுத்தார். பிழைத்து வந்தார், பிறகு முதல்தர ஆட்டங்களிலும் ஆடினார். ஆனால் முப்பத்தொரு டெஸ்ட்டோடு அவர் கணக்கு நின்றுவிட்டது. இந்திய அணிக்கு அவர் திரும்பவே இல்லை. அவருடைய இடத்தில் இருபத்தொரு வயதுப் பட்டோடி தலைவரானார். தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் அவர் தலைக்குள் வைக்கப்பட்ட உலோகத் தகடு, சுமார் அறுபது ஆண்டு உள்ளேயே இருந்து, 2022ல்தான் எடுக்கப்பட்டது. அவர் காலத்தில் பேட்ஸ்மேனுக்கு ஹெல்மெட் என்ற எண்ணமே கிடையாது. அவர் எதையும் மறுத்தவர் அல்ல. அலைச்சறுக்கு வீரர் ஓவன் ரைட் வேறு மாதிரி. ஆஸ்திரேலியரான அவர் 2015 டிசம்பரில் ஹவாயின் பைப்லைனில் பேரலையின் அடியில் சிக்கினார். பாறையில் முட்டியதால் அல்ல, தண்ணீரின் அடியாலேயே மூளை காயப்பட்டது. நடக்கவே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பிறகு பலகையில் எழுந்து நிற்க. திரும்பி வந்து 2017ல் ஒரு போட்டியை வென்றார், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றார். அந்த வெற்றியைத்தான் எல்லோரும் எழுதினார்கள். நான் அந்த இடைப்பட்ட மாதங்களை நினைக்கிறேன்: உலகத்தின் மிகச் சிறந்த அலையோட்டிகளில் ஒருவருடைய உடம்பு, நடைபழகும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த மாதங்கள். கார் பந்தய வீரர் மிக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரெஞ்சு ஆல்ப்ஸில் பனிச்சறுக்கில் விழுந்தபோது ஹெல்மெட் அணிந்திருந்தார். அதன் பிறகு பொதுவெளியில் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் குடும்பம் காத்துவரும் மௌனத்தை நான் எட்டிப்பார்க்க விரும்பவில்லை. ஹெல்மெட் அணிந்தும் அப்படி ஆனது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாக இருக்காது என்பதால் சொல்கிறேன்.

பெரிய அலையும் பனிமலையும் வேண்டாம், மூன்றே மூன்று பந்துகள் போதும். இந்திய கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில், பேட்ஸ்மேனின் கண்ணெதிரே, ஷார்ட் லெக்கில் போய் நின்றார். ஓவரில் மூன்று பந்துகள்தான் மீதி. ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்கப்பட்டது. மூன்று பந்துக்கு எதற்கு என்று வேண்டாமென்றுவிட்டார். அடித்த பந்து அவர் நெற்றியில் பட்டு எகிறி, விக்கெட் கீப்பரின் கையில் கேட்ச்சாகப் போய் விழுந்தது. அவர் எழுந்து, தானே நடந்து வெளியே போனார். சில நாட்களில் இறந்துபோனார். இந்த நிகழ்ச்சியில் என்னை மிகவும் கலங்கவைப்பது அந்தக் கணக்கு. அது முட்டாள்தனமான கணக்கு இல்லை. மூன்று பந்துகளில் தலையில் படும் வாய்ப்பு அற்பம். ஹெல்மெட்டை உள்ளேயிருந்து வரவழைத்து, மாட்டி, ஓவர் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது எல்லோர் நேரத்தையும் வாங்கும். நாம் ஒவ்வொருவரும் தினமும் இதே கணக்கைப் போடுகிறோம். பால் வாங்கத்தானே, தெருமுனைவரைக்கும்தானே என்று பெட்ரோல் டேங்கின்மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வண்டி எடுக்கிறோம். கைட்காரர்களும் இதையே சொல்வார்கள்: இன்று பெரிதாகக் குதிக்கப் போவதில்லை, சும்மா ஒரு சுற்று. ஒவ்வொரு முறையும் கணக்கு சரியாகவே இருக்கிறது. சரியான கணக்குகளையே வரிசையாகப் போட்டுக்கொண்டு போய் ஒருவர் அந்த இடத்தில் நிற்க முடியும் என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஆனால் கணக்கு மட்டுமே காரணம் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி நடக்கக் காரணமில்லை; பயந்தவர் அணிவார், பயப்படாதவர் விடுவார். நடப்பது அப்படி இல்லை. ஒரு கடற்கரையில் எல்லோரும் அணிகிறார்கள், இன்னொன்றில் ஒருவர்கூட அணிவதில்லை. இதைப் பற்றி நான் படித்தவற்றில் மிகத் தெளிவானது, விளையாட்டோடு சம்பந்தமில்லாத ஒரு பொருளியலாளர் எழுதியது. அணுஆயுதப் போட்டியின் தர்க்கத்தை ஆராய்ந்து, 2005ல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங், 1973ல் பனி ஹாக்கி ஹெல்மெட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் அணியின் டெட் கிரீன் 1969ல் எதிராளியின் மட்டையால் தலையில் அடிபட்டு மூளைக் காயத்தோடு பிழைத்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பில் மாஸ்டர்டன் பனித்தரையில் தலை மோதி இறந்தே போயிருந்தார். இத்தனைக்குப் பிறகும் ஆட்டக்காரர்கள் ஹெல்மெட் அணியவில்லை. ஷெல்லிங் கண்டது இதுதான்: அவர்களில் பெரும்பாலோர் அணியவே விரும்பினார்கள், ஆனால் மற்றவர் அணியாதபோது தான் மட்டும் அணிவதை யாரும் விரும்பவில்லை. அணிந்தவருக்குப் பார்வை ஒரு சிறிது மறையும், கேலி வரும், பயந்தவன் என்ற பேர் வரும். எல்லோரும் அணிந்தால் இந்த மூன்றும் ஒரே நாளில் காணாமல் போகும். ஆகவே தனித்தனியாகக் கேட்டால் வேண்டாம் என்பவர்களே, விதி போடலாமா என்று ரகசிய வாக்கெடுப்பு வைத்தால் ஆம் என்பார்கள். வட அமெரிக்க ஹாக்கிச் சங்கம் 1979ல் விதி போட்டது, அதுவும் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும். பழையவர்கள் வெறுந்தலையோடு தொடரலாம். அப்படித் தொடர்ந்தவர்களில் கடைசி ஆள் கிரேக் மக்டவிஷ். அவர் 1997ல் ஓய்வு பெற்றதோடு அந்தத் தலைமுறை தீர்ந்தது. ‘என் விருப்பம்’ என்று சொல்லும் எவரிடமும் இந்த ஹாக்கிக்காரர்களைப் பற்றிச் சொல்லவேண்டும்போல இருக்கிறது. விருப்பம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு பங்கு நம்முடையது, எவ்வளவு பங்கு பக்கத்தில் நிற்கிறவருடையது என்பது, விதி வந்த பிறகுதான் தெரிகிறது.

இவ்வளவு எழுதிய பிறகும் சந்தேகங்கள் விடுவதில்லை. கடலில் அணியும் ஹெல்மெட்டுகளில் பல, ஈ.என். 1385 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி, ஆற்றுப் படகோட்டிகளுக்காகச் சோதிக்கப்பட்டவை. படகு கவிழ்ந்து பாறையில் தலை முட்டுவதை எண்ணி வகுத்த தரம் அது. முப்பது மீட்டருக்கு மேலும் எழும்பிக் காட்டுகிறவர்கள் இன்று இந்த விளையாட்டில் இருக்கிறார்கள். அந்த உயரத்துக்கும் அந்தத் தரத்துக்கும் தொடர்பே கிடையாது. மண்டையோடு உடைவதை ஹெல்மெட் நன்றாகத் தடுக்கும். உள்ளே மூளை தன் அச்சில் சுழன்று நரம்பிழைகள் அறுவதைத் தடுப்பதில் அது அவ்வளவு திறமைசாலி இல்லை. ஸ்வீடனில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற அறுவை மருத்துவர் அந்தச் சுழற்சியைக் குறைக்கும் வழியைத் தேடிப் போனதிலிருந்துதான் ‘மிப்ஸ்’ என்ற உட்புற வழுக்கு அடுக்கு பிறந்தது. ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபிலிப் ஹியூஸ் 2014 நவம்பரில் சிட்னியில் ஹெல்மெட்டோடுதான் ஆடிக்கொண்டிருந்தார். பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தில் பட்டது. இரண்டு நாளில் இறந்தார். இருபத்தாறாவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. காப்பு இருக்கும் தைரியத்தில் மனிதர்கள் கூடுதலாகத் துணிகிறார்கள் என்று பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975ல் மோட்டார் வாகனங்களை வைத்து வாதிட்டார். இங்கிலாந்தின் ஆய்வாளர் இயன் வாக்கர் தன் சைக்கிளில் அளவுக்கருவி பொருத்தி ஓட்டிப் பார்த்து, ஹெல்மெட் அணிந்தவரை வண்டிகள் சராசரியாக எட்டரை சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கிக் கடக்கின்றன என்றார். அந்தத் தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை என்றார்கள். இந்த விவாதம் ஓய்ந்தபாடில்லை. நான் இதில் ஒரு இடத்தில் மட்டும் உறுதியாக நிற்கிறேன். ஹெல்மெட்டின் காப்பு குறுகலானது என்பது அதை அணியாமலிருக்க வாதமாகாது. அந்தக் குறுகிய இடத்துக்குள் விழும் அடிகள் ஏராளம். இடறி விழும் கரை, திரும்பி வரும் பலகை, பக்கத்தில் விழும் இன்னொருவரின் பலகைக்கு அடியில் இருக்கும் ஃபாயில் சிறகு. ஷூமாக்கரின் கதையை வைத்து ஹெல்மெட் வீண் என்று சொல்கிறவர்கள், அணிந்ததால் ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியவர்களின் கதைகளை ஒருநாளும் கேட்கப் போவதில்லை. அவை கதைகளாக ஆவதே இல்லை.

இன்னொரு எதிர்ப்பு மனதுக்குள் இருக்கிறது, அது வாதம் இல்லை, ஏக்கம். மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்ஸ் ஆடுகளத்துக்கு வரும் நடை. அரக்குச் சிவப்புத் தொப்பி, வாயில் சூயிங்கம், அவசரமே இல்லாத தோள்கள். 1991 வரை, நூற்று இருபத்தொரு டெஸ்ட்டுகளில், உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர்களின் முன்னால் அவர் ஒருமுறைகூட ஹெல்மெட் போட்டதில்லை. அந்த முகத்தை நாங்கள் பார்த்தோம். பந்து கையை விட்டுப் புறப்படும்போது அந்தக் கண்ணில் என்ன நடந்தது என்று பார்க்க முடிந்தது. கம்பிக்குப் பின்னால் இருக்கும் இன்றைய முகங்களில் அது இல்லை. அலங்காநல்லூரில் வாடிவாசலுக்கு முன்னால் நிற்கிறவனிடமும் கூட்டம் கேட்பது இதையேதான் என்று நினைக்கிறேன்: முகம். வீரம் என்று நாம் சொல்வது ஒருவருடைய குணம் மட்டும் இல்லை, பார்க்கிறவர்களோடு அவருக்கு இருக்கும் ஒரு உறவு. அதில் ஒரு அழகு இருக்கிறது, அது போவது இழப்புதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. கான்ட்ராக்டர் விழுந்த அதே பிரிட்ஜ்டவுனில், பதினாறு ஆண்டு கழித்து, 1978ல் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்துக்கு முதன்முறையாக ஹெல்மெட் அணிந்துவந்தார். கூட்டம் அவரைக் கூவிக் கேலி செய்தது. ஒரு மனிதரின் மண்டையோடு உடைந்ததைப் பார்த்த ஊர் அது. அந்தக் கூச்சலில் இருந்தவர்கள் கொடியவர்கள் இல்லை. முகம் பார்க்க வந்தவர்கள். அவர்கள் கேட்டது கிடைக்காத ஏமாற்றத்தில் கத்தினார்கள். நாம் பார்த்து ரசித்த ஒவ்வொரு வெறுந்தலையிலும் நம்முடைய கண் கொஞ்சம் அழுத்தியிருக்கிறது.

தலையைப் பற்றிய இந்தக் கவலையே விளையாட்டிலிருந்து பிறந்ததல்ல. 1935 மே மாதம் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்ற இளம் நரம்பியல் அறுவை நிபுணர் இருந்தார். அந்த ஆறு நாட்கள் அவரை விடவில்லை. போர்க்காலத்தில் செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் சிப்பாய்களின் தலைக்காயங்களைச் சேகரித்து 1941ல் அவர் எழுதிய கட்டுரைதான் ஹெல்மெட்டைப் பற்றிய முதல் உறுதியான மருத்துவ வாதங்களில் ஒன்று. பிரிட்டனில் அது சட்டமானது 1973ல். லாரன்ஸ் இறந்து முப்பத்தெட்டு ஆண்டு. கேர்ன்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. சட்டம் மெதுவாக வரும் என்பது மட்டும் இல்லை, வந்த பிறகும் அது தலைக்கு ஏறாமல் கைப்பிடியில் தொங்கும் என்பதை நம் ஊர்ச் சாலைகள் தினமும் காட்டுகின்றன. போலீஸ் நிற்கும் திருப்பத்துக்கு முன்னால் மாட்டி, தாண்டியதும் கழற்றுவதற்குச் சட்டம் போதும். அதற்கு மேல் போக வேறொன்று வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பது பேர் இன்று ஹெல்மெட்டோடு இறங்குகிறார்கள். அங்கே அதற்குச் சட்டம் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் அங்கே கம்பளித் தொப்பிதான். முன்னால் இறங்குகிறவர் தலையில் இருக்கிறது, பின்னால் வருகிறவரும் போட்டுக்கொள்கிறார், பிள்ளைகளுக்கு அது பனிக்காலணி மாதிரி ஆகிவிடுகிறது.

இதனால்தான் கைட்சர்ஃபிங்கில் நான் மிகவும் கவலையோடு பார்ப்பது பயிற்றுநர்களை. பல பள்ளிகளில் முதல் நாளே மாணவர் தலையில் ஹெல்மெட்டைப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டிவிடுகிறவர் தலையில் ஒரு பழைய துணித் தொப்பி, அல்லது அதுவும் இல்லை. மாணவர் தானே பட்டத்தை ஏற்றி, தானே போய்த் திரும்பி வரத் தேறியதும் அந்த ஹெல்மெட் கொட்டகைக்குப் போய்விடுகிறது. யாரும் கழற்றச் சொல்லவில்லை. தேறியவர் எப்படி இருப்பார் என்பதைத்தான் அவர் இத்தனை நாள் எதிரில் பார்த்துக்கொண்டிருந்தாரே. ஹெல்மெட் கற்றுக்குட்டியின் சின்னமாகிவிட்டது. ஆனால் காற்றும் கரையும் கொண்டுவரும் உண்மையான ஆபத்து, தேறிய பிறகு, தைரியம் வந்த பிறகு, பெரிய காற்றில் இறங்கத் தொடங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. உச்சத்தில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டு மார்செய் கடலில் நடந்தது. தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் வாலென்டின் பொன்டுஸ், பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜ், பதினேழு வயதில் சிங்கப்பூருக்கு வெண்கலம் கொண்டுபோன மேக்ஸ் மேடர், எல்லோரும் ஹெல்மெட்டோடுதான் ஓடினார்கள். அவர்களைப் பயந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் மாணவரும் ஒலிம்பிக் வீரரும் அணிவதை இடையில் இருக்கும் பெருங்கூட்டம் மட்டும் அணியாமலிருப்பதற்குக் காற்றிலோ கடலிலோ காரணம் கிடையாது.

ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும், அக்கரையில் கல்பிட்டியிலும் இந்த விளையாட்டைக் கற்றுத்தருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் பலர் கடலோர மக்களின் பிள்ளைகள். காற்றை எங்களைவிட ஆயிரம் மடங்கு அறிந்தவர்கள். உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. மாணவர்களை நீங்கள் வாங்கச் சொல்லும் பொருட்களின் பட்டியலில், அளவாகப் பொருந்தும், தண்ணீருக்கென்று செய்த ஹெல்மெட்டையும் சேருங்கள். காதைத் திறந்துவிட்ட வகைகள் கிடைக்கின்றன. தேறியவரிடமிருந்து பள்ளியின் ஹெல்மெட்டை வாங்கிவைக்கும் நாளில், சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். அடுத்த கச்சானுக்கு நீங்கள் தண்ணீரில் இறங்கும்போது, மூன்று நிமிட வேலையானாலும், முதலில் உங்கள் தலையில் ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.